அரை தவ், ஒரு பொட்டு

கொத்தனாருக்கும் தச்சருக்கும் சின்ன அளவு என்றால் நூல். அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நூல். கம்பிக் கடையில் இன்றைக்கும் மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பி என்றுதான் கேட்கிறார்கள். பில்லில் மட்டும் 10 எம்எம், 12 எம்எம் என்று இருக்கும். வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வரும் பையன்கள் 'சூத்' என்பார்கள். அதற்கும் நூல் என்றுதான் அர்த்தம், அதுவும் அதே எட்டில் ஒரு பங்குதான். "ஒரு நூல் தூக்கிட்டு நிக்குது, இழைச்சு விடு" என்று தச்சர் சொன்னால் அவர் நுணுக்கமாக வேலை பார்க்கிறவர் என்று அர்த்தம். அந்த ஒரு நூலை டூல்ரூமுக்குக் கொண்டுவந்தால் 125 தவ். 125 தவ் வித்தியாசம் இருந்தால் எங்கள் ஊரில் அதற்குப் பிழை என்று பெயர் இல்லை. அது வேறு பார்ட்.

தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளைக்காரர்கள் வாய்க்கு வசதியாகச் சுருக்கி வைத்துக்கொண்ட சொல், ரயில்வே ஒர்க்‌ஷாப்புகள் வழியாக நமக்கும் வந்தது. ரோட்டோர மெக்கானிக்குகள்கூட அதில்தான் பேசினார்கள். அம்பாசிடருக்கு டாப்பெட் பதினைந்து தவ். ஃபீலர் கேஜில் அந்தத் தகட்டை மட்டும் தேடி எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார்கள். பிளக் கேப்புக்கு கேஜே வேண்டாம், ஹேக்ஸா பிளேடு போதும். அதன் கனம் ஏறக்குறைய இருபத்தைந்து தவ்.

நான் ஐடிஐ முடித்து அம்பத்தூரில் ஒரு டூல்ரூமில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தது 1970களின் கடைசியில். நாட்டில் மெட்ரிக் அளவு வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. நயா பைசாவே பழசாகிவிட்டது. ஆனால் ஷாப்பில் பாதி மெஷின் அங்குலம், பாதி மெஷின் எம்எம். சுவரோரம் இரண்டு பழைய இங்கிலீஷ் லேத், எதிரே எச்எம்டி லேத். டிராயிங் எம்எம்மில் வரும், கை தவ்வில் ஓடும். சுவரில் சாக்பீஸால் 25.4 என்று எழுதி வைத்திருந்தார்கள், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

எங்கள் ஃபோர்மேன் பெரம்பூரில் தொழில் பழகியவர். எண்ணைவிடச் சொல்லை நம்பினவர். அவர் வாயில் அளவுக்கு ஒரு வரிசை உண்டு. "பத்து தவ் எடு" என்றால் ரஃப் கட், நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். "ரெண்டு தவ் எடு" என்றால் கவனம். "ஒரு பொட்டு" என்றால் அரை தவ்வுக்குப் பக்கம். அதை டயலில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அதற்கும் கீழே ஒன்று: "சும்மா தொட்டு வாடா." அப்படியென்றால் டயலைத் தொடவே கூடாது. அதே செட்டிங்கில் டூலை இன்னொரு தரம் ஓட்டிவர வேண்டும். ஒன்றும் நடக்காது என்றுதான் புதுப் பையன் நினைப்பான். ஆனால் மெலிதாகச் சுருள் வரும். முதல் ஓட்டத்தில் டூலும் ஜாபும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கொஞ்சம் வளைந்திருக்கும். அந்த வளைவு மிச்சம் வைத்ததை இரண்டாவது ஓட்டம் எடுக்கிறது. அந்த மிச்சத்துக்கு எண்ணே கிடையாது. ஜாபின் நீளத்தையும் டூலின் கூரையும் பொறுத்தது.

டயலிலேயே இரண்டு ஜாதி இருந்தது. சில லேத்தில் ஒரு தவ் திருப்பினால் விட்டத்தில் ஒரு தவ் குறையும். சிலதில் டூல் ஒரு தவ் உள்ளே போகும். அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது, ஆக விட்டத்தில் இரண்டு தவ். ஷிப்ட் மாறி வேறு மெஷினுக்குப் போகிறவனைப் பார்த்து ஃபோர்மேன் கேட்கிற முதல் கேள்வி, "ரேடியஸ் மெஷினா, டயா மெஷினா?" பதில் சொல்லாமல் ஸ்விட்சில் கை வைத்தால் வசவு விழும். பிறகு பேக்லாஷ். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கிற தளர்ச்சி. டயல் நகரும், டூல் நகராது. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய் மறுபடி வர வேண்டும்.

அவர் சிகரெட் பிடிக்கமாட்டார், ஆனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிகரெட் இருக்கும். மில்லிங் மெஷினில் கட்டர் ஜாபைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க அதுதான் கருவி. புகையிலையை உதறிவிட்டுத் தாளை மட்டும் உரித்து, ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி ஜாபின் மேல் ஒட்டுவார். கட்டரை ஓடவிட்டு மேஜையை மெல்ல மேலே ஏற்றுவார். ஏற்றிக்கொண்டே இருப்பார், ஒன்றும் ஆகாது. திடீரென்று தாள் பறக்கும். அந்த இடத்தில் கட்டருக்கும் ஜாபுக்கும் நடுவில் ஒரு தாள் கனம்தான் பாக்கி. தாளை முன்பே மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து வைத்திருப்போம், ஒரு தவ்வுக்குக் கொஞ்சம் மேலே. அதை ஏற்றிவிட்டு டயலைச் சைபரில் வைத்தால் வேலை ஆரம்பம். ஷாப்புக்குள் சிகரெட்டே கூடாது என்றான பிறகு பையன்கள் ஏடிஎம் சீட்டை வைத்துப் பார்க்கிறார்கள். அது கனம் அதிகம், இரண்டு தவ்வைத் தாண்டும். இருந்தாலும் பறக்கத்தான் செய்கிறது.

அந்த 25.4 பற்றி ஒரு விஷயம். அது இவ்வளவு சுத்தமாக முடிகிறதே என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. ஒரு காலத்தில் அப்படி இல்லை. பிரிட்டனின் அங்குலம் 25.4-க்கு ஒரு துளி குறைவு, அமெரிக்காவின் அங்குலம் ஒரு துளி அதிகம். ஸ்வீடனில் யோஹான்சன் என்பவர் ஸ்லிப் கேஜ் செய்து இரண்டு நாட்டுக்கும் விற்றார். முதலில் அவர் போட்ட 102 கட்டைகள் கொண்ட பெட்டியை வைத்து இருபதாயிரம் விதமான அளவுகளைக் கட்டலாம். இரண்டு அங்குலத்துக்கு இரண்டு பெட்டியா என்று அவர் நடுவில் 25.4-ஐப் பிடித்துக்கொண்டார். தொழிற்சாலைகள் அவர் கட்டையை வைத்து அளந்ததால், அவர் அங்குலமே அங்குலமாகிப்போனது. பிரிட்டனின் தொழில்துறை 1930-லும் அமெரிக்காவினுடையது 1933-லும் அதை ஏற்றன. அரசாங்கங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது 1959-ல். கடைக்காரன் படிக்கல்லுக்கு ராஜா தலையாட்டிய கதை. எங்கள் பழைய லேத்தில் எம்எம் மரை வெட்ட 127 பல் உள்ள ஒரு பெரிய கியர் மாட்டுவோம். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அந்தக் கியர் இல்லாத ஷாப்பில் அங்குல லேத்தில் எம்எம் மரை சரியாக வராது, தோராயமாகத்தான் வரும்.

நான் அதிகம் வேலை பார்த்தது பிரஸ் டூலில். ஃபேன், மோட்டார் இவற்றுக்குள் இருக்கிற ஸ்டாம்பிங் வெட்டும் டை. தகடு அரை எம்எம் கனம். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் ஐந்து சதவீதம் விடுவோம். கணக்குப் போட்டால் 25 மைக்ரான், அதாவது ஒரு தவ். சுற்றிலும் அந்த ஒரு தவ் சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அரை, மறுபக்கம் ஒன்றரை என்று சாய்ந்துவிட்டால் அகலமான பக்கத்தில் பிசிறு கிளம்பும், இறுக்கமான பக்கத்தில் பஞ்ச் முனை உதிரும்.

இதை எந்தக் கேஜ் வைத்துப் பார்ப்பது? ஸ்லாட் பஞ்சுகள் வரிசையாக, பல் பல்லாக இருக்கும், ஃபீலர் நுழையாது. தாள்தான். மெல்லிய தாளை டையின் மேல் விரித்து, மேல் பாதியைக் கையாலேயே இறக்குவோம். பஞ்ச் தாளைத் தாண்டினதும் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கிளியரன்ஸ் குறைவான பக்கம் பிளேடால் வெட்டினதுபோல் சுத்தமாக இருக்கும். அதிகமான பக்கம் நார் நாராகத் தொங்கும், சில இடத்தில் வெட்டாமல் மடிந்து உள்ளே போயிருக்கும். நார் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமாகப் பஞ்ச் பிளேட்டை நகர்த்த வேண்டும். ஆலன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, காப்பர் சுத்தியால் ஒரு தட்டு. எவ்வளவு தட்டு என்று யாரும் சொல்லித் தர முடியாது. மறுபடி தாள், மறுபடி வெளிச்சம். சுற்றிலும் ஒரே மாதிரி வெட்டினால் டவல் பின்னுக்கு ரீமர் போட்டு அடித்துவிடலாம். அதற்கப்புறம் அது அசையாது. அசைந்தால் டூல்ரூமே அசையும்.

'லைன் டு லைன்' என்று ஒரு சொல் இருக்கிறது. பஞ்சும் டையும் ஒரே அளவு, நடுவில் எதுவும் இல்லை என்று அர்த்தம். கேட்க அழகாக இருக்கும். உண்மையில் ஒரே அளவுள்ள தண்டு ஒரே அளவுள்ள துளைக்குள் அப்படியே வழுக்கிப் போகாது; எண்ணெயும் கொஞ்சம் பலமும் கேட்கும். பூஜ்யம் என்பது எங்கள் தொழிலில் ரொம்ப இறுக்கமான இடம்.

ஒருமுறை இங்கிலாந்திலிருந்து சிலிண்ட்ரிகல் கிரைண்டர் வந்தது. அதை நிறுத்திக் கொடுக்க ஒரு பெரியவரும் வந்தார். ரிப்போர்ட் எழுதும்போது நாலாவது தசம ஸ்தானம் வரை எழுதுவார், வாயைத் திறந்தால் ஒரு எண்ணும் வராது. 'எ ஹேர்' என்பார், 'எ விஸ்கர்' என்பார், 'எ ஷேட்' என்பார். தலைமுடி சரி, மனுஷ முடி இரண்டிலிருந்து நாலு தவ் வரை இருக்கும், நாங்களே மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவர் ஹேர் என்று சொல்லி எடுத்தது அரை தவ்கூட இல்லை. மீசை முடி அதைவிடக் கனம், ஆனால் விஸ்கர் என்றால் இன்னும் குறைவாக எடுத்தார். கொசு மீசை என்றும் ஒன்று வைத்திருந்தார், அது ஏதோ நகைச்சுவை என்று விட்டுவிட்டோம். நான் அவர் வாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஹேர் என்றால் வீலை விரலால் பிடித்துத் திருப்பினார், கோடு நகர்வது தெரிந்தது. விஸ்கர் என்றால் பிடிக்கவில்லை, கைப்பிடியை ஆள்காட்டி விரலால் தட்டினார். ஷேட் என்றால் உள்ளங்கையை வைத்து அழுத்தினார், அவ்வளவுதான். டயலில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பொறியின் சத்தம் மாறியது. 'கிஸ்' என்று ஒன்று சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். கல் ஜாபைத் தொட்டு முதல் பொறி பறக்கிற இடம் அது. அங்கேயே நிறுத்த வேண்டும். கடைசியில் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பொறி குறைந்து குறைந்து அணைகிற வரைக்கும். அதற்கு ஸ்பார்க் அவுட். எங்கள் ஃபோர்மேனின் 'சும்மா தொட்டு வா'வும் இதுவும் ஒரே வேலை. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. இரண்டாம் நாளே தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடித்தார்கள்.

இந்தச் சொற்களில் அளவு இல்லை என்று பிற்காலத்தில் கணக்குப் படித்த பையன்கள் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "மூன்று மைக்ரான் எடு" என்றால் எவ்வளவு என்றுதான் தெரியும். "லேசா தட்டு" என்றால் எப்படி என்று தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சொல்கிற வரைக்கும் இரண்டாவதுதான் உபயோகம். கடல் தாண்டிச் சொல்லும்போதுதான் வம்பு.

அந்த வம்பைப் பார்த்தது பிறகு, ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தபோது. கஸ்டமர் அமெரிக்கா. அவர்கள் டிராயிங் அங்குலத்தில் வரும், நாங்கள் எம்எம்மாக மாற்றி பிராசஸ் ஷீட் போட்டிருந்தோம். ஒருநாள் காலையில் போகிறேன், ஷாஃப்ட் லாட் முழுவதும் சிவப்பு டேக் மாட்டி ஓரமாக நிற்கிறது. இரண்டு இன்ஸ்பெக்டர்கள் ராத்திரி முழுக்க அளந்து கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்ன தம்பி?"

"0.2 பெரிசா இருக்காம் சார். எல்லா பீஸும் பாத்துட்டோம். எதிலயுமே 0.2 இல்ல சார்."

"0.2-ன்னு யார் சொன்னது?"

"கஸ்டமரே போன்ல சொன்னார் சார். டூ டென்த்ஸ் ஓவர்னு."

"அமெரிக்காக்காரரா, ஜெர்மனிக்காரரா?"

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அளவுக்கும் தேசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் நினைத்தது நியாயம்தான். எம்எம்மில் வளர்ந்தவனுக்கு டென்த் என்றால் எம்எம்மில் பத்தில் ஒன்று, 100 மைக்ரான். ஜெர்மானியர்களும் அப்படித்தான் பேசுவார்கள். அமெரிக்க டூல்ரூமிலோ, டென்த் என்றால் தவ்வில் பத்தில் ஒன்று. அங்குலத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கு, இரண்டரை மைக்ரான். ஒரே சொல், நாற்பது மடங்கு வித்தியாசம். அவர் சொன்ன டூ டென்த்ஸ் ஐந்து மைக்ரான்தான். 200 மைக்ரான் அல்ல. 200 மைக்ரான் பெரிதாக இருந்தால் அந்த ஷாஃப்ட் பேரிங்குக்குள் போயே இருக்காது, அவர் போன் செய்கிற தொனியும் வேறாக இருந்திருக்கும்.

ஐந்து மைக்ரான் என்பதும் விட்டுவிடக்கூடியது அல்ல. பேரிங் உட்காரும் அந்த இடத்துக்கு மொத்த டாலரன்ஸே அரை தவ், 12.7 மைக்ரான். அதில் ஐந்து போனால் பாதி போன மாதிரி ஒரு பயம் வரும். மறுபடி அளந்தோம். அவர் சொன்னது சரி. கிரைண்டிங் வீல் தேய்ந்ததும் டிரெஸ்ஸிங் செய்துவிட்டு அளவைச் சரிசெய்யாமல் ஓட்டிய ஷிப்ட் எது என்று டோக்கன் நம்பரை வைத்துக் கண்டுபிடித்தோம். அந்த பீஸ்களை மட்டும் பிரித்து ஒரு ஷேட் எடுத்தோம். மீதி அப்படியே போயிற்று.

'மில்' என்றும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்காவில் பெயின்ட், பிளேட்டிங், பிளாஸ்டிக் தாள் இவற்றுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றை மில் என்பார்கள். அதாவது நம் தவ்தான். நம் ஆட்கள் அதை மில்லி என்று படித்துவிட்டு, இரண்டு மில்லி பெயின்ட்டா என்று வாயைப் பிளப்பார்கள்.

மைக்ரானுக்கும் ஒரு விசித்திரம் இருக்கிறது. உலக அளவைக் கூட்டத்தார் 1967-ல் அந்தப் பெயரையே ரத்து செய்துவிட்டார்கள். மைக்ரோமீட்டர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஆனால் எங்கள் கையில் இருக்கிற கருவிக்கும் அதே பெயர். மைக்ரோமீட்டரால் ஐந்து மைக்ரோமீட்டர் அளந்தேன் என்று எந்த டர்னர் சொல்வான்? ரத்தான சொல் ஷாப்பில் அப்படியே ஓடியது. பிறகு பிளாஸ்டிக் பை சட்டம் வந்து அதை மார்க்கெட்டுக்கே கொண்டுபோய்விட்டது. 2016-ல் ஐம்பது மைக்ரான், 2021 செப்டம்பரில் எழுபத்தைந்து, 2022 முடியும்போது நூற்றிருபது. சோதனைக்கு வந்த அதிகாரியிடம் ஒரு காய்கறிக்கார அம்மா, "இது மைக்ரான் ஜாஸ்தி உள்ளது சார்" என்று பையை இழுத்துக் காட்டியதை நான் கோயம்பேட்டில் நின்று கேட்டிருக்கிறேன்.

மைக்ரானில் பேச ஆரம்பித்தால் வெயிலும் பேச்சுக்குள் வந்துவிடும். தவ்வில் வேலை செய்தவரை நாங்கள் சீதோஷ்ணத்தை அவ்வளவாக மதித்ததில்லை. உலகம் முழுக்க நீள அளவுக்கு 20 டிகிரிதான் கணக்கு. அம்பத்தூரில் ஏசி போடாத எந்த அறையிலும் மே மாதத்தில் 20 டிகிரி கிடையாது. இரும்பு ஒரு மீட்டருக்கு, டிகிரிக்குப் பதினொன்றரை மைக்ரான் நீளும். ஜாபும் இரும்பு, கேஜும் இரும்பு, இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நீளும், தொல்லை இல்லை. ஸ்லிப் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பேசினால் அது மட்டும் நீளும். அதனால்தான் ஸ்டாண்டர்ட் ரூமில் சாமாய்ஸ் தோல் வைத்துப் பிடிக்கச் சொல்வார்கள்.

தொல்லை அலுமினியம். அது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். ஒரு ஜெர்மன் கஸ்டமருக்கு அலுமினிய ஹவுசிங் போட்டுக்கொண்டிருந்தோம். 100 எம்எம் போர், 35 மைக்ரான் டாலரன்ஸ். நாங்கள் மெஷின் பக்கத்திலேயே 35 டிகிரியில் இரும்பு ரிங்கை வைத்து போர் டயலை செட் செய்து அளந்து, சரியாகக் கீழ் எல்லையில் இருக்கிறது என்று அனுப்புவோம். அங்கே போனால் பதினைந்து, பதினேழு மைக்ரான் சின்னது என்று திரும்பி வரும். எங்கள் ரிப்போர்ட்டும் பொய் இல்லை, அவர்கள் ரிப்போர்ட்டும் பொய் இல்லை. பதினைந்து டிகிரி இறங்கும்போது அலுமினியப் போர் 35 மைக்ரான் சுருங்குகிறது, இரும்பு ரிங் 17 மட்டும் சுருங்குகிறது. மிச்சம்தான் சண்டை.

இரண்டு பக்கமும் மெயிலில் கோபமாக எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆள் ஒருவர் அதே பீஸை ஏசி அறையில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளந்தார். பதினாறு மைக்ரான் சின்னது. அதோடு மெயில் நின்றது. போரிங் ஆபரேட்டரிடம் கோடையில் மேல் எல்லைக்குப் பக்கமாகவே வைக்கச் சொன்னோம், அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான், "எவ்ளோ சார், ஒரு பொட்டா?"

ரிப்போர்ட்டில் வெப்பநிலைக்கென்று ஒரு கட்டம் சேர்த்தோம். கஸ்டமருக்குத் திருப்தி. கரண்ட் போனால் மட்டும் அறை சூடாகிவிடும், ஜெனரேட்டரில் ஏசி ஓடாது, மறுபடி 20-க்கு இறங்கி பீஸும் இறங்கும்வரை அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. கீழே லாரி நிற்கும். டிஸ்பாட்ச்காரர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, பதினாறு மைக்ரானுக்கா ஒரு லாரியை நிறுத்தி வைக்கிறீர்கள் என்று கத்துவார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம், திறந்து வைத்தால் இன்னும் சூடு ஏறும்.